என்ன துறை?

டார்ட்மத்திலிருந்து ஹாலிஃபாக்ஸுக்குப்
பன்னிரண்டு நிமிடம்.
ஏழே முக்கால் படகு.
இரண்டு வருடமாய் இதே ஜன்னல், இதே உப்புக்கறை.
வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள்
நான் ஒரு துறையைச் சொல்லியாக வேண்டும்.

ஆலோசகர் மெக்கைசாக் அம்மையார்
மேசையில் புதினா மிட்டாய் வைத்திருப்பார்.
"ஐந்து வருடத்தில் எங்கே இருப்பாய், தெரியுமா?"
வாயில் மிட்டாய். தலையை மட்டும் ஆட்டினேன்,
ஆம் என்றும் இல்லை என்றும் படும்படி.
அது நமக்குப் பிறப்பிலேயே வரும்.
அவர் ஆம் என்று எழுதிக்கொண்டார்.

பிராம்டனில் லக்சியன் மச்சான், கணினித்துறை.
அவன் பட்டமளிப்புப் படம்
எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில்
மூன்று வருடமாய்க் காந்தத்தில் தொங்குகிறது.
நவம்பரில் அவனை நிறுத்தினார்கள்,
நானூறு பேரோடு, ஒரே மின்னஞ்சலில்.
படத்தை யாரும் எடுக்கவில்லை.
பீட்சாக் கடைக் கூப்பன் ஒன்றுதான்
எப்படியோ வந்து
அவன் தொப்பிவரை மூடிக்கொண்டது.

அம்மாவுக்கு எல்லாத் துறையும் தெரியும்,
மாடி எண்ணாக.
இரவில் ஆஸ்பத்திரி துடைக்கிறவள்.
நாலு இருதயம், ஐந்து சிறுநீரகம்.
"ஆறு வேண்டாம் பிள்ளை.
அங்கத்தைய டொக்டர்மார் வீட்டை போறேல்லை.
கதிரையிலேயே நித்திரை.
காலைத் தூக்கச் சொல்லித்தான் கூட்டுறனான்."
ஏழில் என்ன என்று கேட்டேன்.
"கணக்குப் பார்க்கிற ஆக்கள்.
அங்கை குப்பையே இல்லை."
கோவில் கோபுரத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

அப்பா பருத்தித்துறை.
துறை பற்றி அவர் பேசுவது அத்தோடு முடியும்.
இங்கே துறைமுகத்தில்
கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணுகிறார்.
காற்றில், நின்றுகொண்டு.

யாருக்கும் சொல்லாதது ஒன்று:
செப்டம்பரிலிருந்து நானும் எண்ணுகிறேன்.
மூடுபனி நாளில் படகேறுகிறவர்கள்,
வெயில் நாளில் ஏறுகிறவர்கள்,
சிவப்புத் தொப்பிக்காரர் வராத செவ்வாய்கள்.
வேதியியல் கொப்பியின் பின்பக்கத்தில் தொடங்கியது
முன்னோக்கி வந்துகொண்டே இருக்கிறது.
சூத்திரங்களுக்கு இன்னும் நாலு தாள்தான் மிச்சம்.

வியாழன் மாலை, திரும்பும் படகில்
படிவத்தைத் திறந்தேன்.
நூற்றெண்பது பெயர்கள்.
அலையில் விரல் வழுக்கி
ஒருமுறை இறையியலில் நின்றது.
ஒரு கணம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துறை.
இணைக்கொம்பைக் கழற்றினால் துற.
ஒன்றைத் தொட
நூற்று எழுபத்தொன்பதை விட வேண்டும்.
கடல் உயிரியலே, போய் வா.
மெய்யியலே, உன் வகுப்பில் நல்ல வெயில் அடித்தது.
நுண்ணுயிரியலே,
சின்னம்மாவுக்குத்தான் உன்னை அவ்வளவு பிடிக்கும்.

கரையில் கயிறு வீசுகிற பையன்
முதல் வீச்சில் தவறவிட்டான்.
நனைந்த கயிற்றை இழுத்துச் சுருட்டி
மறுபடி வீசினான்.
படகில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
நான் அதையும் குறித்துக்கொண்டேன்.
பிறகு அழுத்தினேன்.

வீட்டில் அப்பா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
"என்ன துறை?"
"புள்ளிவிபரவியல்."
"உன்ர புள்ளி விபரம் எனக்குத் தெரியாதே?
பத்தாம் வகுப்பில் அறுபத்திரண்டு."
"அந்தப் புள்ளி இல்லையப்பா."
"அப்ப என்ன வேலை?"
"எண்ணுறது."

ஒரு சப்பாத்து கையில், மற்றது காலில்.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"நிண்டோ, இருந்தோ?"

"இருந்துதான்."

"அப்ப சரி" என்று
மற்றதையும் கழற்றினார்.