யன்னலுக்கு இரண்டாயிரம்

மேல்மாடி. ஓர் அறை, மூலையில் குசினி.
இருபதாயிரம் என்றார் மடுத்தீன்.
பிறகு மேற்குப்பக்க யன்னலைத் தள்ளித் திறந்து
"மரச்சோலை தெரியிறதுக்கு இரண்டாயிரம் கூட" என்றார்,
சோலையை அவரே நட்டவர் மாதிரி.

குருமன்காட்டில் மலிவாய் இரண்டு அறை பார்த்திருந்தேன்.
ஒன்றின் யன்னல் அரிசி ஆலைச் சுவரில் முடிந்தது.
மற்றதில் யன்னலே இல்லை.
ஆய்வுகூடத்தில் நாள் முழுக்கக் குனிந்து
பிறர் இரத்தம் பார்க்கிற கண்ணுக்குத்
தூரமாய் ஏதாவது வேண்டியிருந்தது.
மூன்று மாத முற்பணம் எண்ணிக் கொடுத்தேன்.

ஒப்பந்தத்தில் நான்காவது:
சுவரில் ஆணி அடிக்கக்கூடாது.
யன்னலுக்கு வெளியே
மரத்துக்கு ஓர் ஆணி.
ஆணியில் தகரம், தகரத்தில் எண்,
தமிழ்ப்பெயர், சிங்களப்பெயர்,
வாயில் நுழையாத இன்னொரு பெயர்.

ஆறு மணிக்கு விசில் ஊதிப் படலை பூட்டுவார்கள்.
அதற்குப் பிறகு குரங்குகளின் நேரம்.
கொடியில் காய்ந்த என் வெள்ளைக் கோட்டை
மருதின் உச்சிக்குக் கொண்டுபோய் மாட்டின.
மூன்று நாள் அங்கே ஒரு டொக்டர் நின்றார்.

மாசியில் அப்பா வந்தார்,
ஒட்டுசுட்டானிலிருந்து முதல் பஸ்ஸில், கண் கிளினிக்குக்கு.
தேத்தண்ணி ஆறும்வரை யன்னலடியில் பேசாமல் நின்றார்.
பிறகு விரல் நீட்டத் தொடங்கினார்:
"உந்த முதிரை முப்பது அடி தேறும்.
கருங்காலிக்கு வயசு காணாது.
அது நெளிவு, பலகைக்கு உதவாது."

கன அடியில்தான் அவருக்கு மரம் தெரியும்.
எங்கள் வீட்டுக் கூரை,
என் உயர்தர ரியூசன் காசு,
அக்காவின் தாலிக்கொடி,
எல்லாம் இரவில் விழுந்த முதிரைகள்.
ஒருதரம் லான்ட்மாஸ்டர் பெட்டியோடு பிடிபட்டு
ஒன்பது மாதம் உள்ளே.
மரத்தூள் கடித்த முழங்கைகள்
இன்றைக்கும் மாரியில் சொறியும்.

பின்னேரம் ரிக்கற் எடுத்து உள்ளே போனோம்.
காட்டுக்குள் நுழைய அவர் காசு கட்டியது
அன்றுதான் முதல்.
காவலாளியின் காக்கியைக் கண்டதும்
அவருடைய நடை
தானாகவே மரமறைவுக்குத் திரும்பியது.
"அப்பா, ரிக்கற் இருக்கு" என்றேன்.
"ஓமோம்" என்றார், மறைவிலிருந்தபடி.

இருநூற்றுப் பன்னிரண்டாம் மரத்தடியில் நின்றார்.
தகரத்தில் வீரை என்றிருந்தது.
"ஆர் எழுதினது உதை?"
முன்னும் பின்னும் பார்த்துவிட்டு ஓர் இலையைக் கிள்ளினார்.
காம்பில் பால் திரண்டது.
"பாலை" என்றார்,
அடையாள அணிவகுப்பில் ஆளைக் காட்டுபவரின்
தாழ்ந்த குரலில்.

இரவு பாயில் கிடந்தபடி வாடகை கேட்டார்.
சொன்னேன். யன்னலுக்குரியதையும் சொன்னேன்.
நெடுநேரம் சிரித்தார், சிரிப்பில் இருமல் வந்தது.
"ஒரு கொப்பும் முறிக்காமல்
மாசாமாசம் தண்டம் கட்டுறியே, பிள்ளை."

அவர் போன கிழமை
சோலை வாசலில் ஒரு படிவம் வாங்கி நிரப்பினேன்.
212 வீரையல்ல, பாலை.
கீழே ஒரு கட்டம்:
இதனை எவ்வாறு அறிந்தீர்கள்?
பேனையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன்.
பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை
பென்சில் கேட்டது.
கட்டத்தை வெறுமையாய் விட்டு, மடித்து, பெட்டிக்குள் போட்டேன்.

தகரத்தைக் கழற்றிவிட்டார்கள்.
புதியது கொழும்பிலிருந்து வரவேண்டுமாம்.
இரவு வேலை முடித்து வந்த ஒரு காலையில்
கிட்டப்போய்ப் பார்த்தேன்.
ஆணி அப்படியே இருந்தது.
ஆணியைச் சுற்றிப் பால் வடிந்து காய்ந்த
வெள்ளைக் கறை.
பழையது.
வீரை என்று அடித்த அன்றைக்கே வடிந்திருக்கும்.