புல்லைத் துவைக்கிறவள்

மணி நாலு.
கைப்பேசி அலறுவதற்கு முன்பே
கப்பல் கனைத்துவிடுகிறாள்.
எருமைக்கு எதுக்குடி கப்பல்னு பேரு
என்று கேட்காதவர்கள் எர்ணாவூரில் இல்லை.
அவள் படுத்து எழுவதை
ஒருமுறை நின்று பாருங்கள்.

செருப்பில் ஒன்றுதான் கிடைக்கிறது.
மார்கழிச் சிமெண்டு
வெறுங்கால் வழியாக முழங்கால் வரை ஏறுகிறது.
ராத்திரித் தூறலும் பனியும் சேர்ந்து
தார்ப்பாயில் தொப்பையாகத் தொங்கும் தண்ணீரைக்
கம்பால் குத்தி வழியவிட வேண்டும்.
எந்தப் பக்கம் நின்று குத்தினாலும்
என் கழுத்தில்தான் விழும்.

அப்புறம் சாணி.
கையால்தான். மண்வெட்டி கீறினால்
ஜெயசீலியின் மாமனார் விழித்துக்கொள்வார்,
விழித்தால் இருமுவார்,
இருமினால் தெருவே எழுந்துவிடும்.
சாணி கதகதவென்று இருக்கிறது.
இந்த மாதத்தில் என் விரலுக்கு முதல் சூடு அது,
காபி எல்லாம் பிறகு.

நேற்று ரயில்பாதை ஓரம் அறுத்த கட்டு.
பார்த்தால் பச்சை,
உதறினால் சாம்பல்.
புகைக்கூண்டு எந்தப் பக்கம் ஊதினாலும்
புல்தான் முதலில் வாங்கிக்கொள்கிறது.
தொட்டியில் முக்கி அலசி
இரண்டாம் தண்ணீரிலும் அலசி
பிழிந்து கொடியில் போடுகிறேன்,
என் ரவிக்கைக்கும் சங்கமித்திரையின் சீருடைக்கும் நடுவில்.
மணலி நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்:
புல்லைத் துவைக்கிறவளை இப்பத்தான் பாக்குறேன்.
சிரிக்கட்டும்.
கப்பலின் பல்லிடுக்கில் நறநறவென்று
ஒரு சத்தம் வரும், அதை அவள் கேட்டதில்லை.

இதில் கை மரத்துப்போகும்.
மரத்த கையோடு மடியைத் தொட்டால்
பாலை மேலே இழுத்துக்கொண்டு காலையும் தூக்குவாள்.
அதனால் அவள் தொடையிடுக்கில் கையைச் செருகி
ஒரு நிமிடம் நிற்பேன்.
ஒரு நிமிடம் என்றால் ஏழு கன்டெய்னர் லாரி.
துறைமுக கேட் மூடிய நாளில்
மூன்று ஹாரன்.

போன வியாழன் சில்லறை ஈன்றது.
ஆட்டுக்கு அந்தப் பேர் வைத்தது என் வீட்டுக்காரர்,
கடன்காரனுக்குக் கொடுத்த நோட்டில்
மிச்சமாக வந்தது என்பதால்.
இரண்டு குட்டி. முதலாவது எழுந்து நின்றது.
இரண்டாவது, நனைந்த துடைப்பம் மாதிரி கிடந்தது.
அட்டைப்பெட்டி, சாக்கு, நூறு வாட்ஸ் பல்பு
எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.
கரண்ட் போனது.
போனில் அவர்: மூணாவது ராத்திரிமா, லைன் நகரல,
வாயில ஊதிப் பாரு.
ஊதினேன். உப்புக் கரித்தது.

அரையாண்டுப் பரீட்சைக்கு
மெழுகுவத்தியில் படித்துக்கொண்டிருந்தவள்
பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.
ஜாமெட்ரி பாக்ஸ் எங்கோ உருண்டது.
குட்டியைத் துடைத்து உள்ளே போட்டு
ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து
மடியில் வைத்துக்கொண்டு படித்தாள்,
சத்தமாக,
சோழர் கால நீர் மேலாண்மை.
ஏரி, மதகு, கலிங்கு என்று வரும்போது
பைக்குள் ஏதோ அசைந்தது.
நான் கவனிக்காத மாதிரி
தாய் ஆட்டுக்கு வெல்லத் தண்ணீர் காட்டினேன்.

காலையில் பை நாறியது.
மஞ்சள் பையில் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு
பரீட்சைக்குப் போனாள்.
எப்படி எழுதினாள் என்று இன்னும் சொல்லவில்லை.
பை கொடியில் தொங்குகிறது,
புல்லுக்குப் பக்கத்தில்.

இன்று பால் நாலேகால் லிட்டர்.
மூன்று டீக்கடைக்கு, முக்கால் ஜெயசீலிக்கு,
அரையில் இஞ்சி தட்டிப் போட்டுத்
தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு நடந்தேன்
லாரி வரிசையோடு, நம்பர் நம்பராகப் பார்த்துக்கொண்டு.
யாரோ வீட்டு மாடியில்
கிறிஸ்துமஸ் நட்சத்திரம் அணைக்காமல் எரிந்தது.
நாற்பத்தி இரண்டாவது வண்டி.
ஸ்டியரிங்கில் தலை, வாய் பிளந்த தூக்கம்.
முன்கண்ணாடிப் பனியை விரலால் வழித்தேன்,
விரலில் அதே சாம்பல்.
எழுப்பலாம்.
எழுப்பினால் குட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்,
சொன்னால் நேரமாகும்,
புண்ணாக்கு ஊறுகிறது,
காலிஃப்ளவர் தழைக்காரன் ஆறு மணிக்குமேல் நிற்கமாட்டான்.

வாளியைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுக்
கதவை இரண்டு தட்டு தட்டினேன்.
அசையவில்லை.
மூன்றாவதாக, கொஞ்சம் பலமாக.