ஒரு முழச் சோதனை

மர்ழியா டாக்டர் வண்டியை நிறுத்தியபோது
பதினோரு மணிச் சூரியன்
கறுப்பு பானெட்டில் இறங்கி நின்றது.
அதைச் சுற்றி நூறு நூறாய் மெல்லிய வளையங்கள்,
சிலந்தி பிடித்துக் கட்டிப்போட்ட மாதிரி.

"போன மாசம் இது இல்லையே."

இருந்தது.
நான்தான் மூடி வைத்திருந்தேன்.

பெருநாளுக்கு முந்தின நாள் அது.
வாசலில் எட்டு வண்டி.
அலமாரியில் அந்த வெள்ளைப் பாட்டில்:
கீறலை எடுக்காது,
கீறலுக்குள் எண்ணெயாய்ப் போய் உட்காரும்.
கையால் தேய்த்தால் போதும், இருபது நிமிடம்.
மூன்று கழுவலுக்குப் பிறகு
உட்கார்ந்தது எழுந்து போய்விடும்.
தெரிந்துதான் தேய்த்தேன்.

இன்று ஷட்டரை இறக்கினேன்.
கீழக்கரைக் காற்று மணலோடுதான் உள்ளே வரும்,
மின்விசிறியையும் நிறுத்தினேன்.
போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் பொட்டு வைக்கும்;
கடைசி அலசலுக்கு
குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கின தண்ணீர்.
களிமண் கட்டியால் நீவியதில்
உப்பும் தார்ப்புள்ளியும் கட்டியோடு வந்தன.
விளிம்புகளில் நீல டேப்.

மானி சொன்னது:
நடுவில் நூற்றுப் பதினாறு மைக்ரான்,
முனையில் எண்பத்து நாலு.
இதில் நிறத்துக்கு மேலிருக்கும் கண்ணாடிப் பூச்சு
நாற்பது இருந்தால் பெரிய விஷயம்.
எடுத்தால் எடுத்ததுதான்,
திருப்பி வைக்க எந்தக் கடையிலும் விற்பதில்லை.

ஒரு முழச் சதுரம் மட்டும் அளந்துகொண்டேன்.
மெத்தென்ற கறுப்பு ஸ்பாஞ்சில் நைசான பாலிஷ்,
நாலு பொட்டு.
டார்ச் அடித்தால் வளையங்கள் அப்படியே.
அதே ஸ்பாஞ்சில் நடுத்தரம்.
பாதி போயிற்று, பாதி முறைத்தது.
கை தானாகக் கம்பளித் தட்டுக்குப் போனது.
அதில் முரட்டு காம்பவுண்ட் போட்டால்
பத்தே நிமிடம், எல்லாம் போகும்,
தோலும் கூடவே போகும்,
புதிதாக ஒரு புகைமூட்டம் வரும்.
கையைத் திரும்ப எடுத்தேன்.
பாலிஷை மாற்றாமல் தட்டை மட்டும் மாற்றினேன்:
கொஞ்சம் விறைப்பான ஆரஞ்சு.
நாலாம் எண் வேகம்,
ஒரு நொடிக்கு ஒரு அங்குலம்,
குறுக்கும் நெடுக்குமாய் நாலு நடை.
ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்த்தேன்.
எண்ணெயின் உதவி இல்லாமலே
டார்ச் ஒற்றைப் புள்ளியாய் நின்றது.

டாக்டர் பிளாஸ்டிக் நாற்காலியை முன்னால் இழுத்தார்.
"முதல்லயே பெரிய மருந்து போடலாமே?"

"சின்னதில் கேட்டால்
பெரியது எதற்கு டாக்டர்?"

"அப்போ போன மாசம் குடுத்தது?"

இயந்திரத்தை நிறுத்தினேன்.
அணைந்தபிறகும் தட்டு கொஞ்சநேரம் சுற்றியது.
சொன்னேன். பாட்டிலையும் காட்டினேன்.

அவர் தோல் டாக்டர்.
"எங்க ஓபியிலும் கேப்பாங்க,
ஒரே வாரத்துல வெளுக்கிற கிரீம்.
நிறுத்தினா மூஞ்சி பழைய மூஞ்சிதான்,
இல்லேன்னா அதைவிட மோசம்."
திட்டியிருந்தால் தேவலை.

அஞ்சு மணிநேரம்.
கடைசியில் கறுப்பு ஸ்பாஞ்சும் நைசும்,
குழந்தைக்கு விபூதி பூசுகிற அழுத்தத்தில்.
இடது கதவில் ஒரு கீறல் மிஞ்சியது.
நகம் மாட்டியது.
"அதைத் துரத்தினால்
கதவுக்குத் தோல் இருக்காது."
"தழும்புதானே, இருக்கட்டும்."

கிளம்பும்முன் டிக்கியைத் திறந்து
ஒரு பழைய துண்டை எடுத்து நீட்டினார்.
வாட்ச்மேன் காளிமுத்து தினம் காலையில்
தண்ணீர் படாமல் துடைக்கிற துண்டு.
உதறினேன்.
ஏர்வாடி வரைக்கும் உள்ள கடற்கரையில் ஒரு பிடி
என் சிமெண்டுத் தரையில் மினுங்கியது.
"இதுக்கு என்ன பாலிஷ்?"
சிரித்தார். நானும்.

பணத்தில் போன மாதத்தைக் கழித்தேன்.

வெள்ளைப் பாட்டிலில் பாதிக்குமேல் இருந்தது.
தூக்கிப் போட மனமில்லை;
நாளை உச்சிப்புளியிலிருந்து
விற்கிற வண்டி ஒன்று வருகிறது.
மார்க்கரை எடுத்து அதன் மேல் எழுதினேன்,
கேட்கிறவர் கண்ணுக்கு நேராக:
மூன்று கழுவல்.