ஐம்பத்து நான்கு லிட்டர்

டிராம் முனையத்தின் எதிரே என் கடை.
வண்டி திரும்பி நிற்கும் ஏழு நிமிடத்தில்
ஓட்டுநர் ஸ்வதாவா உள்ளே வந்து,
கையுறையைக் கழற்றாமலே பட்டியலை நீட்டினாள்.
இரண்டு ஏஞ்சல், ஆறு டைகர் பார்ப்,
வால் பெரிய கப்பி கொஞ்சம்,
"அப்புறம் அந்த நீலம்" என்று
தனி ஜாடியில் நின்ற ஃபைட்டரை மூக்கால் காட்டினாள்.

தொட்டி எவ்வளவு?
ஐம்பத்து நான்கு லிட்டர்.
தண்ணீர் எப்போது நிரப்பினாய்?
நேற்று.

ஓஸ்த்ராவாவில் பனி கொட்டும் செவ்வாய்க்கிழமை.
காலையிலிருந்து விற்றது ஒரேயொரு வலை.
ஆனாலும் பேனாவை எடுத்தேன்.

பார்ப்பை அடித்தேன். கெட்ட மீனல்ல,
சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்;
நீளமாக எது தொங்கினாலும் கடித்துப் பார்க்கும்.
கப்பிக்குச் சுண்ணாம்பு ஏறிய கடினநீர் வேண்டும்,
நம் குழாயில் வருவதோ மலைத் தண்ணீர்.
ஃபைட்டர், கண்ணாடியில் தன்னைக் கண்டாலும்
செவுள் விரித்துச் சண்டைக்கு நிற்பவன்.
ஏஞ்சலில் பேனா கொஞ்சம் நின்றது.

எனக்கும் ஒன்று இருந்தது.
வாங்கும்போது கோட்டுப் பொத்தான் அளவு.
நியான்களோடு விட்டேன், பன்னிரண்டு.
கோடை முடிய எண்ணினால் ஒன்பது.
பிறகு ஐந்து.
துள்ளி வெளியே விழுந்திருக்கும் என்று
அலமாரிக்கடியில் டார்ச் அடித்துத் தேடினேன்.
அதுவோ வயிறு புடைக்கத் துடுப்பசைத்து
என்னைக் கண்டதும் தீனிக்கு மேலே வந்தது.
போட்டேன். வேறென்ன செய்வது?
வாய்க்குள் அடங்குவது எதுவும்
அதற்கு அண்டைவீட்டுக்காரன் இல்லை.

இதெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
"வளரும்" என்று மட்டும் சொல்லி அடித்தேன்.

தாளில் மிச்சம் ஒன்றுமில்லை.
கோபத்தில் ஒரு கட்டுச் செடியும் இரண்டு நத்தையும்
வாங்கிக்கொண்டு போனாள்.
ஐந்து வாரம் நத்தைகளையே பார்த்திருந்தாளாம்.
ஒன்றுக்கு மேற்பார்வையாளர் பெயரை வைத்தாளாம்.

பிப்ரவரியில் ஒரு காலை, ஜாம் பாட்டிலில்
தொட்டித் தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.
சொட்டு விட்டேன், குலுக்கினேன், காத்திருந்தேன்.
மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

மாலையில் வந்தவளுக்கு
எட்டு ஹார்லெக்வின் ராஸ்போரா பிடித்தேன்.
வலையைக் கண்டால்
எட்டும் ஒரே மூலையில் பயப்படுகிற வகை.
"அடியில் மேய கோரிடோராஸ்?" என்றாள்.
முதலில் அந்தக் கூர்ங்கற்களை எடுத்துவிட்டு
மணல் போடு, என்றேன்.

இனி வண்டியைப் பணிமனையில் விட்டால் அவள் வேலை முடிந்தது.
பையைக் கோட்டுக்குள் கம்பளிச் சட்டையோடு ஒட்டவைத்து
மேலே பொத்தானிட்டாள்.

வாசலில் நின்று பார்த்தேன்.
இருபது வருடமாக அந்த வளைவில்
கிறீச்சிடாமல் திரும்பாத டிராம்
முட்டைக் கூடை தூக்கினவள் நடையில் திரும்பிற்று.
கடைசி ஜன்னலில் தூங்கியவன்
தலைகூட அசையவில்லை.