பதினொன்றே கால்

கோபுரம் பார்க்க வருகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.
கருங்கல்மடைப் பெருமாள் கோயில்,
தென்புறச் சுவரின் ஜகதிப் படையில்
முழங்காலுக்கும் கீழே இரண்டு கோடுகள்.
குப்புறப் படுத்து, எறும்பை ஊதிவிட்டு
ஸ்டீல் டேப்பை வைத்தேன்.

மேல் கோடு இருபத்தாறு சென்டிமீட்டர்.
கீழ்க் கோடு இருபத்து நாலரை.

மேலே அப்பன். கீழே மகன்.
நாடளக்கும் கோலுக்கு அரசன் அடியே அளவு என்று
பக்கத்தில் வெட்டியிருக்கிறது, பாதி எழுத்தில் சுண்ணாம்பு.
மகன் பட்டம் ஏறியதும் பேரை மாற்றிக்கொண்டான்:
மண்ணளந்தான் மாறன்.
அந்த மாலே இவன், இவனே அந்த மால்,
அவன் மூன்றடி கேட்டான், இவன் கேட்பதில்லை,
மெய்க்கீர்த்தி பதினேழு வரியும் இப்படியே போகிறது.

உள்ளே, தூக்கிய திருவடியோடு நிற்கிறவருக்கும்
அதே அளவுதான்.
ஆள் ஏழடி; பாதம் மட்டும்
பாட்டா கடை ஐந்தாம் நம்பர்.
“சிற்பி தப்புப் பண்ணலை ஓய்” என்றார் அரவிந்தலோசன பட்டர்
திரியைத் தூண்டிக்கொண்டே.
“அவனுக்கும் தலை வேணுமே.”

வெளியே வந்து கணக்குப் போட்டேன்.
கோல் குட்டையானால் நிலம் நீளும்.
அப்பன் அடியில் பத்து மா இருந்த வயல்
மகன் அடியில் பதினொன்றே கால்.
வரப்பு நகரவில்லை.
ஒரு நண்டு வளைகூட இடம் மாறவில்லை.
ராத்திரியோடு ராத்திரியாக ஒன்றே கால் மா
எங்கிருந்தோ முளைத்தது. அதற்கும் இறை உண்டு.
இறை என்றால் வரி.
இறை என்றால் அரசன்.
இறை என்றால் உள்ளே நிற்கிறவர்.
எந்த இறைக்கு எந்த இறையை இறுத்தோம் என்று
குன்றன் மாயானுக்கே குழம்பியிருக்கும்.

மாபலிக்காவது தெரிந்தது
மூன்றாம் அடி எங்கே விழும் என்று.

கல்வெட்டின் கடைசிப் பகுதி அபிஷேகத் தண்ணீர் ஓடும் ஈரத்தில்:
இறை இறுக்கமாட்டாதே ஓடிப்போன
குன்றன் மாயான் நிலம் பதினொன்றே காலும்
இத்தேவர்க்கு இறையிலி.

மேற்கே மலையேறினானா,
ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போனானா, கல்லில் இல்லை.
ஓடியவனுக்கும் இரண்டு கால் இருந்தது;
அதற்கு யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை.
மண்ணளந்தான் எப்போது செத்தான், எதில் செத்தான்,
அதுவும் இல்லை.
கடவுள்களுக்கு அதையெல்லாம் எழுதுகிற
வழக்கமில்லை போலும்.

நான் வந்தது இதற்கில்லை.
சர்வே எண் 214, உட்பிரிவு 2பி.
அறநிலையத்துறை ஒரு பக்கம், உச்சிமாகாளி ஒரு பக்கம்,
பதினான்கு வருஷ வழக்கு.
கன்னடியன் காலில் தண்ணீர் விட்டு எட்டு நாளாகிறது.

“எத்தனை ஏர்ஸ்னு நீங்கதான் சொல்லணும் சார்.
எனக்கு இது ரெண்டு கோட்டை வெதப்பாடு.
எங்கய்யா காலத்துலயும் ரெண்டு கோட்டைதான்.”

தலைக்கு மேல் பன்னிரண்டு செயற்கைக்கோள்கள்.
கருவி ஒருமுறை கூவியது. எண் வந்தது.
பட்டாவில் இருப்பதைவிட நாலு ஏர்ஸ் கூடுதல்.
மறுபடி பார்த்தேன். கூடுதல்தான்.
எழுதுவதற்கு நோட்டைப் பிரித்து, வசதிக்காக
ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

“சார்” என்றார் உச்சிமாகாளி, “காலை எடுங்க.
கீழ நாத்துல்லா நிக்கு.”