தானே புரளத் தெரிந்தவை

கெல்சன்கிர்ஷனில் கடல் கிடையாது.
என் வீட்டில் இருக்கிறது: இருநூற்று நாற்பது லிட்டர்.
உப்பு மூட்டையில் வந்தது.
தண்ணீர் குழாயில் வந்து மூன்று வடிகட்டி தாண்டியது.
நான் விளக்கைப் போட்டால்தான் அங்கே விடியும்.

ஐந்தாம் மாதம் பாசி.
முதலில் கண்ணாடியில் பழுப்பாய் ஒரு மூச்சு,
பிறகு பாறையெங்கும் பச்சை முடி,
நாலு நாள் மழிக்காத முகம்போல.
பல் பிரஷால் தேய்த்தேன்.
தேய்த்த இடத்தில் இன்னும் செழித்தது.

ஹோல்கரின் கடை ரயில் பாலத்துக்கு அடியில்.
மேலே வண்டி போகையில்
அத்தனை தொட்டியும் ஒரு நொடி நடுங்கும்.
மீன்களுக்குப் பழகிவிட்டது.

டர்போ எடு என்றார். முஷ்டிப் பருமன்,
ஒரே வாரத்தில் பாறையை வழித்துவிடும்.
ஒட்டாத பவளத்தையும் தள்ளிவிட்டுப் போகும்,
சந்துக்குள் திரும்புகிற சரக்கு லாரி.
பாசி தீர்ந்தபின் அது எதைத் தின்னும் என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கினார்.

நெரைட் அழகுதான். ஆனால் மூடி இல்லாத தொட்டி என்னுடையது,
ஏறி வெளியே போய்
கம்பளத்தில் காய்ந்த பொத்தானாய்க் கிடக்கும்.
துறவி நண்டு? பெயர்தான் துறவி,
வீட்டாசை தீராது. ஒரு ஓட்டுக்காக
உள்ளே இருக்கிற நத்தையைக் கொல்லும்.
செரித் இரவானால் மணலிலிருந்து கிளம்பி
விடியும்வரை மேயும்.
நைட் ஷிப்ட்! எட்டு கொடுங்கள்.

பிறகு அஸ்ட்ரியா. கூம்பு ஓடு, பாதி விலை.
மல்லாக்க விழுந்தால் தானாகப் புரளாது,
பார்த்து யாராவது புரட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.
வேண்டாம் என்றேன், கொஞ்சம் உரக்கவே.

முதியோர் இல்லத்தில் பதினேழு பேர் எனக்கு.
இரண்டு மணிக்கொரு தரம்
இடப்பக்கம், முதுகு, வலப்பக்கம்.
புண் வராதிருக்க.
கடிகாரம் வேண்டாம், மணிக்கட்டுக்கே தெரியும்.
வீட்டுக்கு வந்தும் புரட்ட என்னால் ஆகாது, ஹோல்கர்.

அப்படியானால் ட்ரோக்கஸ்.
விழுந்தால் உடலை நீட்டி, பாதத்தால் மணலைப் பிடித்து,
ஓட்டை இழுத்துக்கொண்டு எழும்.
பன்னிரண்டு எண்ணிப் போட்டார்.

சொட்டுச் சொட்டாய் என் தண்ணீருக்குப் பழக்கினேன்.
வாளிக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போனேன்.

வேலை முடிந்து வந்த ஒரு வியாழக்கிழமை
மணலில் ஒன்று மல்லாந்து கிடந்தது,
பாதம் காற்றில்லாத இடத்தில் எதையோ தடவிக்கொண்டு.
காத்திருந்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
நீண்டது. சுருங்கியது. நீண்டது.
அப்புறம்தான் ஓட்டைக் கவனித்தேன்.
ஹோல்கர் எண்ணினார், பார்க்கவில்லை.

ஸ்வெட்டர் கையைச் சுருட்டினேன்.

ஏப்ரலில் ஹூசுமில் அக்காவுக்கு இடுப்பில் அறுவை.
அங்கே கடல் உண்டு.
நான் போன நேரம் அது வெளியே போயிருந்தது;
அடிவானம் வரை சேறு,
யார் யாரோ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

எதிர்வீட்டு பெகிரிடம் சாவி கொடுத்திருந்தேன்.
இருபத்தாறு வருடம் கரிச்சுரங்கத்தில் இருந்தவர்,
தண்ணீரில் கை வைக்க மாட்டேன் என்றார்.
திரும்பி வந்தால், தொட்டிமேல்
கபாப் திருப்புகிற நீண்ட இடுக்கி,
புத்தம் புதியது, விலைச்சீட்டோடு.
பக்கத்தில் ஒரு தாள்:

புதன்: இரண்டு தரம் விழுந்தது. புரட்டினேன்.
வியாழன்: விழவில்லை. பத்து மணிக்கு மறுபடி வந்து பார்த்தேன், விழவில்லை.
வெள்ளி: நான்கு தரம். குடித்திருக்கிறது.
அது பாறையில் போன தடம் பார்த்தாயா, வீப்கே?
நாங்கள் வெட்டினதும் அப்படித்தான், ஒரே அகலம்.
சனி:

சனிக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.
இன்று சனி. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு
விளக்கைப் போடுகிறேன்.