மேசை, சாவி, சன்னல்

அக்டோபர் கடைசி ஞாயிறு
அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினார்களாம்.
கிடந்த கட்டிலில் கிடந்தபடியே
தம்பி இன்னும் ஒரு மணி நேரம் தூரமானான்.

சின்னத்துறையில் ராத்திரி பத்தரை.
அவெய்ரோவில் சாயங்காலம் ஐந்து.
ஈரத் தலையோடு வருகிறான் ஆஸ்லின்,
என் கைபேசிக்குள்.

"என்னலே தின்ன?"
"மீன்."
"என்ன மீன்?"
"கருவாடும்மா. ஊற வச்சு, உப்பு கழுவி,
உருளைக்கிழங்கு போட்டு. எரிவே இல்ல."
"கருவாடு திங்கவா
எட்டு மாசப் பங்கக் கொண்டு கட்டுனோம்?"
அம்மா சிரித்துவிட்டு
அடுக்களைக்குப் போகிறாள்,
எரிவு இல்லாததை நினைத்துக்கொண்டு.

போன முதல் வாரம்
குரல்பதிவு அனுப்பியிருந்தான்:
"அக்கா, இங்க மேசைக்கு மேசாதான்.
சாவிக்கு ஷாவ். சன்னலுக்கு ஜனேலா.
பாதிரியாரக்கூட பாத்ரேன்னுதான் விளிக்கானுவ.
பாதி மொழி எனக்கு முன்னமே தெரியும்!"
அந்த நாலு சொல்லை வைத்து
கினி பிசாவ்காரன் மமாடுவோடு
ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டான்.

பிறகு வந்தது புல்.
நம் மணலில் பந்து தானாக உருளாது,
கூடவே போய்க் கிளப்ப வேண்டும்.
"இங்க நான் நினைக்கதுக்குள்ள
அது போயிருதுக்கா" என்றான்.
அவன் இடப்பக்கம் பார்த்தால்
வலப்பக்கம்தான் வெட்டுவான்.
எனக்குத் தெரியும்.
கோவிலுக்குப் பின்னால், குருசடி பக்கம்,
ஆறு வருடம் அவனை மறித்தவள் நான்.
ஒரு தடவைகூடத் தாண்டினதில்லை.
ஆள் எடுக்க வந்தவர்
பையன்மார் பேரை மட்டும் எழுதிக்கொண்டு,
ஓரமாய் நின்ற என்னிடம்
குடிக்கத் தண்ணீர் கேட்டார்.
கொடுத்தேன்.

இன்றைக்குப் பேசும்போது பார்க்கிறேன்:
அவனுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பூட்ஸ்.
அடியில் சேறில்லை, ஒரு புல் இல்லை.
போன வாரமும் இல்லை.
அதற்கு முந்தின வாரமும்.

"காலக் காட்டு."

பேசாமல் இருந்தான்.
கைபேசி மெல்லக் கீழே இறங்கியது.
வெள்ளைத் துணி சுற்றிய கணுக்கால்,
பனங்காய் பருமனுக்கு.
"எப்பம்?"
"மூணு வாரம்."
"கோச்சுட்ட என்ன சொன்ன?"
"வலிக்குன்னு சொல்ல
அன்னைக்கு வார்த்த வரலக்கா.
ஒண்ணும் இல்லேன்னு மட்டும் சொல்லத் தெரிஞ்சு.
அதனால மீதி ஆட்டமும் ஓடுனேன்."

கேமராவைத் திருப்பினான்.
சன்னல்.
அதற்கு அப்பால் மழை, விளக்குக் கம்பங்கள்,
மஞ்சள் சட்டையில் வேறொரு பதினொன்று.
"டிசம்பர்ல முடிவு பண்ணுவாங்களாம்,
யாரெல்லாம் இருக்கணும்னு.
அம்மைட்ட சொல்லாத."

வைத்து ஐந்து நிமிடம் ஆகவில்லை.
நீளமான எண்ணில் அழைப்பு.
அப்பா.
லட்சத்தீவுக்கும் மேற்கே எங்கேயோ,
முப்பத்தெட்டாம் நாள்,
பக்கத்துப் படகின் சாட்டிலைட் போனில்.
"பய கோல் அடிச்சானா?"
சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை,
ஆடவில்லை, கால் இப்படி.

இரைச்சல்.
கடலா, காற்றா, கிளீட்டஸ் என்கிற ஒரு மனுசன்
மூச்சு விடுகிறதா, தெரியவில்லை.
பிறகு:
"செரி மக்ளே.
இங்கயும் எஞ்சின் நின்னு மூணு நாளாச்சு.
மிதந்துகிட்டுதான் கிடக்கோம்.
கயிறு கட்டி இழுக்க வள்ளம் வருது, பயப்படாத.
அம்மைட்ட சொல்லாத."

அடுக்களையிலிருந்து அம்மா:
"அப்பனா? என்னவாம்?"
"நெறைய கேரையாம்."
"இவன்?"
"ஒரு கோலாம்."

மரச்சீனி வேகிற சட்டியை இறக்கிவைத்து
ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள்.
வாசல்படியில் நின்று
கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தாள்,
குறுக்கே நீட்டி உட்கார்ந்திருந்த என் காலை.

"ஒன்னத் தாண்டி ஒண்ணும் வராதுன்னு
அன்னைக்கே அந்த ஆளுட்ட சொல்லியிருக்கணும்டி"
என்றாள்.